புது பாய்லரை நம்பலாமா? முதல் வருஷத்தில் பார்க்க வேண்டியவை

புது பாய்லர் மாட்டிய அன்று எந்த வீடும் சூடாகத்தான் இருக்கும். போட்டவர் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார், குழாயைத் திறந்து வெந்நீர் வருவதைக் காட்டுவார், பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நமக்கும் நிம்மதி. ஆனால் அன்றைய சூட்டை வைத்து அந்த பாய்லர் பத்து வருஷம் உழைக்குமா என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லப்போவது அடுத்த நான்கைந்து வாரங்களும், அதற்குப் பின் வரும் முதல் கடுங்குளிரும்தான்.

பிரிட்டனில் புதிதாக வீடு வாங்கி, முதல் தடவையாக பாய்லர் மாற்றியிருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் பாய்லர் என்றால் கொல்லையில் கரி போட்டு வெந்நீர் காய்ச்சும் செம்பு பாய்லர் நினைவுக்கு வரும். அதில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. இங்கே அடுக்களைச் சுவரில் தொங்குகிற வெள்ளைப் பெட்டிக்குள் கேஸ் வால்வு, விசிறி, பம்பு, சென்சார், சர்க்யூட் போர்டு எல்லாம் அடைந்து கிடக்கின்றன. வீடு முழுக்கச் சுற்றும் ரேடியேட்டர் தண்ணீரையும், குழாயில் வரும் குளிக்கிற தண்ணீரையும் அதுவே சூடாக்குகிறது. தனியாகத் தொட்டி இல்லாத இந்த வகையைத்தான் காம்பி என்கிறார்கள். நான் சொல்வதெல்லாம் கேஸ் காம்பியை மனதில் வைத்துத்தான்.

எல்லாரும் முதலில் கேட்பது "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். வேலன்ட், வூஸ்டர் பாஷ், ஐடியல், பேக்ஸி, வீஸ்மன் என்று நாலைந்து பெயர்கள் வந்து விழும். என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. ஒரே மாடல் ஒரு வீட்டில் பன்னிரண்டு வருஷம் சத்தமில்லாமல் ஓடும், பக்கத்து வீட்டில் மூன்றாம் குளிர்காலத்திலேயே மக்கர் செய்யும். பெட்டி ஒன்றுதான், பெட்டியைச் சுற்றிச் செய்த வேலைதான் வேறு. பழைய ரேடியேட்டர்களின் கசடைக் கழுவினார்களா, கேஸ் குழாய் போதுமான அளவா, வடிகால் குழாய் சரியான சரிவில் போகிறதா என்பதையெல்லாம் வைத்துத்தான் பாய்லரின் ஆயுள் முடிவாகிறது. அதனால் நாம் எடைபோட வேண்டியது பெரும்பாலும் அந்த வேலையைத்தான்.

ஒன்று மட்டும் முதலிலேயே. பாய்லரின் உறையை நாம் கழற்றக் கூடாது. கீழே சொல்லும் எதற்கும் அது தேவையில்லை. கண்ணும் காதும் ஒரு நோட்டும் போதும்.

முதல் வாரம்: காகிதங்கள்

பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர் 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' என்ற பதிவேட்டில் இருந்தாக வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் இதுதான் சட்டப்படியான பதிவேடு. அதற்கு முன் கோர்கி என்று இருந்தது. இன்னமும் சில பெரியவர்கள் "கோர்கி ஆளா?" என்று கேட்பது அதனால்தான். வேலைக்கு வருபவரிடம் படத்தோடு ஒரு அட்டை இருக்கும். முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், திருப்பிப் பாருங்கள். அவர் எந்தெந்தச் சாதனங்களில் வேலை செய்யத் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அடுப்புக்கு மட்டும் தகுதி உள்ளவர் பாய்லரைத் தொடக் கூடாது. அட்டையில் உள்ள எண்ணை அந்தப் பதிவேட்டின் தளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். தெரிந்தவர் மூலம் வந்தவர் என்றாலும் பாருங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

அப்புறம் மூன்று காகிதங்கள் உங்கள் கைக்கு வர வேண்டும். முதலாவது, பாய்லரோடு வரும் கையேட்டின் பின்பக்கங்களில் உள்ள 'பெஞ்ச்மார்க்' பட்டியல். இரண்டாவது, கட்டட விதிகளின்படி வேலை பதிவானதற்கான சான்றிதழ். வேலை முடிந்த 30 நாளுக்குள் போட்டவர் அதைத் தெரிவிக்க வேண்டும், சான்றிதழ் பிறகு உங்களுக்குத் தபாலில் அல்லது மின்னஞ்சலில் வரும். நாளை வீட்டை விற்கும்போது வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். மூன்றாவது, கம்பெனியிடம் வாரண்டி பதிவானதற்கான ஒப்புகை. பல கம்பெனிகளுக்கு இதற்கும் 30 நாள்தான் கெடு. அதைத் தவறவிட்டால், சொன்ன பத்து வருஷ வாரண்டி ஒரே வருஷமாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு.

இந்த மூன்றில் பெஞ்ச்மார்க் பக்கம்தான் போட்டவரின் குணத்தைக் காட்டும். அதில் கேஸ் அழுத்தம், எரிந்து வெளியேறும் புகையில் கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம், பைப்புகளைக் கழுவிய முறை, தண்ணீரில் சேர்த்த துருத்தடுப்பு மருந்தின் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அந்த விகிதம் 0.004-க்குள் இருக்க வேண்டும். நல்ல பாய்லர்களில் அதைவிட வெகு குறைவாகவே வரும். கட்டங்கள் காலியாக இருந்தால், அனலைசர் என்ற அளவுக் கருவியை அவர் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடனே கூப்பிட்டு, வந்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். கோபப்பட வேண்டாம், "வாரண்டிக்கு வேண்டும்" என்று சொன்னால் போதும், வருவார்கள்.

ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

பாய்லருக்குக் கீழே ஒரு குழாயில் உருளை போல ஒன்று தொங்க வேண்டும். அது காந்த வடிகட்டி. ரேடியேட்டர் இரும்பு துருப்பிடித்து உருவாகும் கறுப்புக் கசடு பாய்லருக்குள் போகாமல் அது பிடித்துவைக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட பிரிட்டிஷ் தரவிதி, கழுவுவதோடு வடிகட்டியும் துருத்தடுப்பு மருந்தும் வேண்டும் என்கிறது. பழைய ரேடியேட்டர்களோடு புது பாய்லரை இணைத்துவிட்டு வடிகட்டி போடாமல் போயிருந்தால், அந்த வேலையை நான் நம்ப மாட்டேன்.

கேஸ் மீட்டரிலிருந்து பாய்லர் வரை வரும் செம்புக் குழாயைப் பாருங்கள். 30 கிலோவாட் காம்பிக்குப் பெரும்பாலும் 22 மி.மீ. குழாய் தேவைப்படும். பழைய 15 மி.மீ. குழாயே நீளமாக வந்தால், அடுப்பும் பாய்லரும் ஒன்றாக எரியும்போது கேஸ் பற்றாது. மீட்டருக்கும் பாய்லருக்கும் நடுவே அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது என்பது கணக்கு. நாம் அளக்க வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். அடுப்பின் எல்லா பர்னர்களையும் ஏற்றிவிட்டு, குளியலறை வெந்நீரை முழுக்கத் திறந்துவிடுங்கள். பாய்லர் தடுமாறாமல், தண்ணீர் சூடு குறையாமல் ஐந்து நிமிடம் ஓடினால் சரி. அணைந்து மறுபடி ஏற்ற முயன்றால் குழாயைப் பற்றிக் கேளுங்கள்.

அப்புறம் வெளியே போங்கள். சுவரிலிருந்து இரண்டு சின்னக் குழாய்கள் வரும். ஒன்று வெள்ளை அல்லது கறுப்பு பிளாஸ்டிக், உள்ளே ஆவி குளிர்ந்து சேரும் தண்ணீரை வெளியேற்றும் வடிகால் குழாய் (வீட்டுக்குள்ளேயே வடிகாலில் சேர்த்திருந்தால் இது வெளியே தெரியாது). அதில் தண்ணீர் சொட்டுவது நல்லது, அது வேலை செய்கிறது என்று அர்த்தம். மற்றொன்று செம்பு, நுனி வளைந்து சுவரைப் பார்த்தபடி இருக்கும். அதில் ஒரு சொட்டுக்கூட வரக் கூடாது. இந்த இரண்டாவது குழாயைப் பற்றிக் கீழே நிறையச் சொல்லப்போகிறேன்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்தார்களா? இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், புதிதாக பாய்லர் மாட்டினால் அலாரமும் வைத்தாக வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கே வாங்கி, பாய்லரிலிருந்து ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில் மாட்டுங்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. வீட்டில் இருக்கும்போது எல்லாருக்கும் தலைவலியும் குமட்டலும், வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் அதை ஃப்ளூ என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். பாய்லரை அணைத்து, ஜன்னல் கதவைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999-ஐக் கூப்பிடுங்கள். கேஸ் வாடைக்கும் அதே எண்தான், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

பயப்பட வேண்டாத சத்தங்கள்

முதல் குளிர்காலத்தில் பலர் பதறுவது வெளியே கிளம்பும் வெண்புகையைப் பார்த்துத்தான். அது புகை இல்லை, நீராவி. 2005-லிருந்து இங்கே பொருத்தப்படும் பாய்லர்கள் பெரும்பாலும் வெளியேறும் ஆவியையே குளிரவைத்து அதன் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் வகை. குளிர் நாளில் அப்படித்தான் தெரியும். ஹீட்டிங்கை அணைத்த பிறகும் சில நிமிடம் பம்பும் விசிறியும் ஓடும். நாளுக்கு ஒரு தடவை, இரவிலும்கூட, பம்பு தானாகக் கொஞ்சம் சுழன்று நிற்கும். எல்லாம் வடிவமைப்பில் உள்ளவை.

கவலைப்பட வேண்டிய சத்தம் ஒன்று உண்டு. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் முன் வருமே, அந்த இரைச்சல். உள்ளே சுண்ணாம்போ கசடோ படிந்து தண்ணீர் ஓரிடத்திலேயே கொதிக்கிறது என்று அர்த்தம். லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர், உங்கள் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். ஆனால் புது பாய்லரில் முதல் மாதமே இந்தச் சத்தம் கேட்டால் அது பழைய கசடுதான், கழுவாமல் விட்டது.

அழுத்த முள்ளும் ஒரு நோட்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பாய்லரின் முகப்பிலோ கீழேயோ அழுத்தம் காட்டும் முள் அல்லது எண் இருக்கும். ரேடியேட்டர்கள் ஆறிக் கிடக்கும் காலை வேளையில் அது 1-க்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும். சூடு ஏறியதும் 2 பக்கம் போகலாம். 3-ஐத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளியே உள்ள அந்தச் செம்புக் குழாய் வழியாகத் தண்ணீரை விட்டுவிடும்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் அந்த எண்ணைத் தேதி போட்டு எழுதுங்கள். 30 நாள். தண்ணீர் ஏற்றினால் அதையும் எழுதுங்கள். அவ்வளவுதான்.

என் வீட்டில் அக்டோபரில் பாய்லர் மாற்றினோம். முதல் இரண்டு வாரம் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அது இயல்பு. புதுத் தண்ணீரில் உள்ள காற்று பிரிந்து ரேடியேட்டர்களின் மேல்பக்கம் சேரும், சாவி போட்டு அதை வெளியேற்றினால் அழுத்தம் குறையும், கொஞ்சம் தண்ணீர் ஏற்ற வேண்டியிருக்கும். ஆனால் மூன்றாம் வாரமும் அப்படியே. திங்கட்கிழமை 1.4, அடுத்த திங்கள் 0.9. ஏற்றினால் மறுபடி அதே கதை. போட்டவரைக் கூப்பிட்டேன். "புது சிஸ்டம், போகப் போகச் சரியாகும், ஏத்திக்கிட்டே இருங்க" என்றார். தரையெல்லாம் தடவிப் பார்த்தேன், எங்கும் ஈரம் இல்லை.

அப்போது ஒரு நண்பர் சொன்ன யோசனைதான் வழிகாட்டியது. இரவு படுக்கும் முன், வெளியே போய் அந்தச் செம்புக் குழாயின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்டால் தளர்வாகக் கட்டினேன். காலையில் பையின் அடியில் கால் டம்ளர் தண்ணீர். தெளிவான தண்ணீர்கூட இல்லை, லேசான சாம்பல் நிறம். மூன்று வாரக் கணக்கையும் பையின் படத்தையும் அவருக்கு அனுப்பினேன். மறுநாளே வந்தார், ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கழுவும்போது கிளம்பிய துகள் ஒன்று வால்வின் இருக்கையில் சிக்கி, அது முழுக்க மூடாமல் கசிந்துகொண்டிருந்தது. வால்வை மாற்றிவிட்டுப் போனார். அந்தக் குளிர்காலம் முழுக்க முள் 1.3-ஐ விட்டு அசையவில்லை.

கணக்கு எழுதினால் காரணமும் பிடிபடும். சூடானால் 3 பக்கம் ஏறி, ஆறினால் பூஜ்யத்துக்கு இறங்கினால், எக்ஸ்பான்ஷன் வெசலில் கோளாறு. சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் காற்றுக் கலன் அது, காற்று போதாமல் இருக்கும். சூடோ குளிரோ சீராக இறங்கிக்கொண்டே போய், செம்புக் குழாயும் காய்ந்திருந்தால், பைப்பிலோ ரேடியேட்டர் வால்விலோ கசிவு. ஒவ்வொரு வால்வின் அடியிலும் டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். ஹீட்டிங் ஓடாதபோதும் அழுத்தம் தானாக ஏறினால், தண்ணீர் ஏற்றும் இணைப்பு சரியாக மூடவில்லை.

"ஏற்றிக்கொண்டே இருங்கள்" என்ற யோசனையை ஏற்காதீர்கள். ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் புது ஆக்சிஜனும் புதுச் சுண்ணாம்பும் உள்ளே போகின்றன, துருத்தடுப்பு மருந்து நீர்த்துப்போகிறது. முதல் மாதத்துக்குப் பிறகு வருஷத்தில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் அது கோளாறுதான்.

வாளியும் கைக்கடிகாரமும்

பத்து லிட்டர் வாளியை வைத்து, வெந்நீரை முழுக்கத் திறந்து, நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். 30 கிலோவாட் காம்பி, தண்ணீரின் வெப்பத்தை 35 டிகிரி உயர்த்தினால் நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் தரும். அதாவது வாளி 50 நொடியில் நிரம்ப வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீரில் அதே சோதனையைச் செய்துகொள்ளுங்கள். அதுவே 50 நொடிக்கு மேல் எடுத்தால் தெருக்குழாயின் அழுத்தம்தான் குறைவு, பாய்லரைக் குற்றம் சொல்ல முடியாது. ஜனவரியில் உள்ளே வரும் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், அதனால் கோடையைவிட ஷவர் கொஞ்சம் மெதுவாக வருவதும் இயல்புதான். இந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருஷம் வாளி நிரம்ப அதிக நேரம் ஆனால், உள்ளே ஏதோ அடைக்கிறது என்று தெரியும்.

அடிக்கடி எரிந்து அணைகிறதா?

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. குளிர் மிதமான ஒரு மாலை, ஹீட்டிங் ஓடும்போது முகப்பில் சுடர் அடையாளம் தோன்றி மறைவதைப் பாருங்கள். இரண்டு நிமிடம் எரிந்து அணைந்து, மறுபடி எரிந்து அணைந்து என்று ஓடினால், பாய்லர் வீட்டின் தேவைக்கு மேல் வலுவாக எரிகிறது. வெந்நீருக்கு 30 கிலோவாட் வேண்டும், சரி. ஆனால் சாதாரண மூன்று படுக்கையறை வீட்டின் ரேடியேட்டர்களுக்கு 10 கிலோவாட்டே தாராளம். ஹீட்டிங்குக்கான உச்ச அளவைத் தனியாகக் குறைத்துவைக்கப் பல மாடல்களில் வசதி உண்டு, பலர் செய்யாமல் போய்விடுவார்கள். ஒவ்வொரு முறை பற்றும்போதும் தீப்பொறி முனை, விசிறி, கேஸ் வால்வு எல்லாம் தேய்கின்றன. போட்டவரைக் கூப்பிட்டுக் குறைக்கச் சொல்லுங்கள்.

ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை நீங்களே 60 டிகிரி அளவுக்கு இறக்கலாம். பெட்டியிலிருந்து வரும்போது 70, 75 என்று இருக்கும். திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவியின் சூட்டைப் பிடிக்கும் வேலை நன்றாக நடக்கும், கேஸும் மிச்சம். தனியாக வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் மட்டும் தொட்டியை 60-க்குக் கீழே விடக் கூடாது, லெஜியோனெல்லா கிருமி வளரும்.

முதல் உறைபனி

2018 பிப்ரவரி கடைசியில் வந்த கடுங்குளிரில் நாடு முழுக்க பாய்லர்கள் நின்றன. பல வீடுகளில் பாய்லருக்கு ஒன்றும் ஆகவில்லை, வெளியே ஓடும் அந்தப் பிளாஸ்டிக் வடிகால் குழாய்தான் உறைந்துபோயிருந்தது. தண்ணீர் வெளியேற முடியாவிட்டால் பாய்லர் தானாக நின்றுவிடும், நிற்கும் முன் கொளகொளவென்று சத்தம் வரும். முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே வடிகாலில் சேர்ப்பதுதான் நல்ல வேலை. வெளியே போகத்தான் வேண்டும் என்றால் குழாய் குட்டையாக, நல்ல சரிவோடு, 32 மி.மீ. தடிமனில், மேலே உறை சுற்றி இருக்க வேண்டும். மெல்லிய 21 மி.மீ. குழாய் மொட்டையாகச் சுவரோரம் மீட்டர் கணக்கில் ஓடினால் நவம்பருக்குள் மாற்றச் சொல்லுங்கள். உறைந்துவிட்டால் கொதிநீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரை ஊற்றி இளக்கி, பிறகு ரீசெட் செய்யுங்கள்.

முகப்பில் கோளாறு எண் தோன்றினால் அணைத்து ஏற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலன்டில் எஃப் 22 என்றால் தண்ணீர் அழுத்தம் குறைவு, எஃப் 28 என்றால் தீப்பற்றவில்லை. மற்றவற்றுக்குக் கையேட்டில் பட்டியல் உண்டு. ஒரே எண் ஒரு மாதத்தில் மூன்று தடவை வந்தால் ரீசெட் செய்து சமாளிக்காதீர்கள், தேதிகளோடு புகார் கொடுங்கள்.

யாரிடம் கொடுப்பது? பெட்டிக்குள் உள்ள கோளாறு கம்பெனி வாரண்டியில் வரும். குழாய், கழுவல், சரிவு எல்லாம் போட்டவர் பொறுப்பு. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி செய்யச் சொல்லவோ விலையில் குறைக்கச் சொல்லவோ உங்களுக்கு உரிமை இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான வேலைக்கு, முன்பணம் மட்டும் கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தாலும் கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. அதனால் முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

பன்னிரண்டு மாதத்துக்குள் முதல் சர்வீஸ். அதைத் தவறவிட்டால் வாரண்டி போகும். வருபவர் காந்த வடிகட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். காந்தத்தில் கறுப்புச் சேறு மொத்தமாக ஒட்டியிருந்தால் பழைய கசடு இன்னும் வந்துகொண்டிருக்கிறது, தண்ணீரைச் சோதித்து மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முதல் வருஷம் ஒரு கரண்டி அளவு வந்தது. இரண்டாம் வருஷம் துணியால் ஒரு தடவை துடைத்ததும் காந்தம் பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தேதியையும் அதே நோட்டில்தான் எழுதிவைத்தேன்.